சட்டைப்பையில் இருபத்துமூன்று சோடி

தர்மிணிப் பிள்ளை,

அப்பாவைச் செக்பொயின்ற்றில் பிடித்துவிட்டார்கள். கூடப் போன செபமாலை அண்ணை ஓடிவந்து சொன்னார். போட்டோகொப்பி எடுக்க நீ கீறிக் கொடுத்த நிறமூர்த்தப் படம், அதுதான் அந்தக் குரோமோசோம் படம், சட்டைப்பையில் இருந்ததாம். சோடி சோடியாகக் குச்சிகள், கீழே இலக்கங்கள், கடைசியில் எக்ஸும் வையும். குண்டு வைக்கிற திட்டம் என்கிறார்களாம்.

உன் உயிரியல் புத்தகத்தோடு பொலிசுக்குப் போகிறேன். அதே படம் அதில் இருக்கிறது. சிங்களத்தில் விளங்கப்படுத்தக் கீழ்வீட்டுக் குசுமா அக்காவும் வருகிறா. கடவுளே, நம்ப வேண்டும்.

சோறு மூடி வைத்திருக்கிறேன். கதவை உள்ளால் பூட்டு. பொலிஸ் வந்து தட்டினால், நாங்கள் இங்கே இருக்கிறதுக்குப் பொலிசில் பதிந்த துண்டைக் காட்டு. அது அரிசிப் பேணிக்குப் பின்னால்.

படத்தைப் பற்றி ஒருவரோடும் கதைக்காதே.

பி.கு: ஒவ்வொரு சோடியிலும் ஒன்று தகப்பனுடையது என்று உன் புத்தகத்தில் போட்டிருக்கிறது. நேற்று அவரைப் பார்த்து, "நான் உங்கட பிள்ளையே இல்லை" என்று கத்தினாய். மகளின் பாடம் என்று சொன்னால் உன்னைத் தேடி வருவார்களே என்று, யார் கீறியது எனச் செக்பொயின்ற்றிலேயே எத்தனை தரம் அடித்துக் கேட்டும் அவர் வாய் திறக்கவில்லையாம்.

அம்மா