‘முன்’ என்று எழுதிய பட்டன்

நாள் 1, காலை 9.00
இன்று நிலாத் தளத்தில் இருந்தவர்கள்: தலைவி ரோஸ்லின், டாக்டர் பர்வீன், கலம் ஓட்டும் மாசானமுத்து, சமையல் பார்க்கும் ஆவுடையம்மாளாகிய நான். ரோஸ்லினுக்கு இடுப்பெலும்பு முறிவு. கலத்தில் மூன்று இருக்கைதான். நான் இருந்துகொள்கிறேன் என்றேன். 8.20க்குப் போய்விட்டார்கள். திரும்பி வர இருபது நாள். ஆக்சிஜன் பன்னிரண்டு நாளுக்கு. பனிக்கட்டி வண்டி வந்துவிட்டால் அதிலிருந்து தண்ணீரும் காற்றும் இயந்திரம் எடுத்துக்கொள்ளும். வண்டி நடந்து போக முடியாத தூரத்தில், மூன்றாம் நிறுத்தத்தில் நிற்கிறது. நான்காவது, தளத்து வாசல். நாளைக்குக் கொண்டுவந்துவிடுவேன்.

நாள் 2, காலை 9.30
இங்கிருந்தே வண்டியை ஓட்டும் பழைய கட்டுப்பாட்டு மேசை செத்து ஒரு வருடம். அந்த மேசை மாதிரியே நடிக்கிற எமுலேட்டரை மாசானம் ஒரு போனில் போட்டு வைத்திருக்கிறான். போனின் கண்ணாடி கீழ்ப்பாதி தொட்டால் கேட்காது. பட்டன் எல்லாம் அங்கேதான். அதனால் அவன் கேம் ஆடும் கம்பியில்லாக் கன்ட்ரோலரைப் போனோடு இணைக்க வேண்டும். சார்ஜ் ஏற்றினேன். அணைத்துப் போட்டேன். போன் ‘இணையவில்லை’ என்கிறது.

கலத்திலிருந்து மாசானம்: “ஆச்சி, லைட்டு மினுக்குதா, நின்னு எரியுதா?”
நான்: “நின்னுதாம்ல எரியுது.”
“அப்ப அது வேற எதுகூடயோ சேந்துட்டு.”

வேறு எது? இங்கே நானும் இட்லித் தட்டும்தான்.

நாள் 4, மதியம் 1.15
மாசானம்: “ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு வேலை சொல்லணும் ஆச்சி. பேரப் பாத்து—”
அத்தோடு தொடர்பு நின்றது. பிறகு இரைச்சல் மட்டும். ரேடியோவை அணைக்கவில்லை. அதுவும் ஒரு சத்தம்தானே.

நாள் 6, காலை 11.40
கண்டுபிடித்துவிட்டேன். மாசானத்தின் பழைய போன், அவன் பெட்டியில், சட்டைகளுக்கு அடியில், சார்ஜில். கன்ட்ரோலர் பழகின வீட்டுக்குப் போவது போல அதனோடு போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. போன ஆவணி ஏழாம் தேதி எல்லார் எதிரிலும் என் ரசத்தில் உப்பில்லை என்றவன்தானே இவன். அந்தப் போனை அணைத்தேன். இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்திப் பத்து எண்ணினேன். ‘இணைந்தது.’ வாய்விட்டுச் சிரித்தேன். என்ன என்று கேட்க ஆளில்லை.

நாள் 7, காலை 10.05
இணைந்தும் எமுலேட்டர் அசையவில்லை. அமைப்புக்குள் போய்ப் பார்த்தால், எனக்காக மாசானம் தமிழில் எழுதிய மூன்று சொல்: நிறுத்து, முன், பின். வலது பட்டனுக்கு ‘முன்’ என்று சொன்னேன். அழுத்தினேன். மூன்றாம் நிறுத்தத்துக் கேமராவில் வண்டி குலுங்கியது. வா தாயி என்றேன்.

10.20
வண்டி சிறிதாகிக்கொண்டே போகிறது. ‘நிறுத்து’க்கு நான் பட்டன் சொல்லவே இல்லை.

10.31
அமைப்புக்குள் போய் அதைச் சொல்வதற்குள் இரண்டாம் நிறுத்தம். பனிப்பள்ளம். அங்கே வெயில் விழாது. பேட்டரி பழசு; வெயில் இல்லாவிட்டால் வண்டிக்கு உயிரில்லை.

நாள் 8, மாலை 4.00
‘பின்’னுக்கும் பட்டன் சொல்லி அறுபது தடவை அழுத்தினேன். அசையவில்லை. பழைய மேசையில் இருந்தது முந்தைய நிறுத்தம், அடுத்த நிறுத்தம். முந்தையதுதான் சுருங்கி ‘முன்’ ஆகியிருக்கிறது. அடுத்தது, அதாவது பின்னால் வருவது, ‘பின்’. நான் முன்னால் வா என்று நினைத்து அழுத்தினேன். பாவி மாசானம். படித்தவன் எழுதுகிற லட்சணமா இது.

நாள் 12, காலை 8.10
சிவப்பு விளக்கு. தலை சுற்றுகிறது. ஆனால் ஞாபகம் மட்டும் போகவில்லை. அதை அவன் எழுதிய அன்று நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

“முந்தைய நிறுத்தம்னு போடட்டா ஆச்சி?”
“எழுத்துக் கூட்டிப் படிக்கதுக்குள்ள சோறு ஆறிரும்ல. ‘முன்’னு போடு. மத்ததுக்கு ‘பின்’.”
“பொறவு குழம்பிருவீய.”
“நானா? நான் எதையாவது மறந்திருக்கேனால?”

8.25
மாசானம், உன் மேல் குற்றமில்லை. அன்றைக்கு ரசத்திலும் உப்பில்லைதான்.

இதை எடுத்துப் படிக்கிறவர்களுக்கு. யாரையும் திட்ட வேண்டாம். ஒரே ஒரு ஆளை மட்டும் நான் மன்னிக்க மாட்டேன். பெயர் கீழே.

ஆவுடையம்மாள்