குடையில்லாமல் வா

ராஜவீதி, கோயமுத்தூர்,
14-11-1937

கொழும்பில் இருக்கும் சிரஞ்சீவி மாப்பிள்ளை ஈஸ்வரமூர்த்திக்கு, உன் அக்காள் புருஷன் நஞ்சுண்டன் அநேக ஆசீர்வாதம்.

இவ்விடம் எல்லோரும் சுகம் என்று தொடங்குவதுதான் மரியாதை. உன் அண்ணன் ஆறுச்சாமியைப் பறிகொடுத்த வீட்டில் அந்த மரியாதைக்கு இடமில்லை. உன் அக்காள் ராசாத்தாள் என்னோடு பேசுவதே இல்லை. பேசினால் ஒரே கேள்விதான்: "ஏனுங்க, நீங்க அந்தக் கதைய எழுதாம இருந்திருந்தா எங்கண்ணன் உசிரோட இருந்திருக்குமுங்களா?"

ஊரும் அதையே கேட்கிறது. சவரக்கடைக்காரன் என் தொண்டையில் கத்தியை வைத்துக்கொண்டு, "அடுத்த மாசம் யாரைங்க கொல்லப் போறீங்க?" என்கிறான். பதில் சொல்கிற நிலைமையா அது! சிரிப்புக் கதை எழுதத்தான் பேனா பிடித்தேன். பத்திரிகைக்காரர் மாதம் ஒரு கொலை கேட்டார். சிரிப்பை விட அது சுலபமாக வந்தது.

பங்குக் கிணற்றுத் தண்ணீர் முறைக்காக உன் அண்ணனைக் கொன்ற திருமூர்த்தி, ஜாமீனில் வந்து கடைவீதியில் வெற்றிலை மென்றுகொண்டு திரிகிறான். கயிற்றை அறுத்தது உண்மைதானாம். ஆனால் நஞ்சுண்டன் கதையில், மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற கவலைக் கயிற்றை அறுத்து ஆளைக் கொல்வதைப் படித்துப் புத்தி பேதலித்துச் செய்துவிட்டானாம். அவன் வக்கீல் இதைச் சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். அழ வைக்கும் வித்தையில் அவர் என்னை மிஞ்சிவிட்டார்.

அத்தனையும் புளுகு. என் கதையில் வில்லன் அறுப்பது, இறைக்கிற தோல்பையின் வாலைத் தூக்கிப் பிடிக்கும் வால்கயிறு. ஒருநாளும் கவலை ஓட்டாத பட்டணத்து மேதாவி நான். எல்லாம் ஒரே கயிறு என்று நினைத்து எழுதிவிட்டேன். வால்கயிறு அறுந்தால் இறைத்த தண்ணீர் கிணற்றுக்கே திரும்பும், கொசு கூடச் சாகாது. "உங்க ஊர்ல கிணறு இருக்குதுங்களா?" என்று காங்கயத்துப் பண்ணையக்காரர் ஒருவர் கார்டு போட்டு மானத்தை வாங்கினார். திருமூர்த்தி அறுத்ததோ, உன் அண்ணன் மேலே உட்கார்ந்து மாடு ஓட்டுகிற வடக்கயிறு. பாதி அறுத்து விளக்கெண்ணெய் பூசி மறைத்திருக்கிறான், பாரம் ஏறியதும் அது அறுந்து ஆளைத் தூக்கியடித்துவிட்டது. அதை என் கதையா சொல்லிக் கொடுத்தது? டாக்கிப் படத்தில் ராஜகுமாரன் நாற்பது பேரை வெட்டுகிறான். பார்த்த ஜனம் காப்பி குடித்துவிட்டு வீட்டுக்குத்தானே போகிறது?

மார்கழியில் விசாரணை. கூண்டேறி என் முட்டாள்தனத்தை ஊர் சிரிக்கச் சொல்லப் போகிறேன். அவனுக்குத் துணையாக ஒரு கதை கூட நிற்கக் கூடாது. தன்னந்தனியாகத் தூக்குமேடை ஏற வேண்டும். அதைக் கேட்டுவிட்டுத்தான் கண்ணை மூடுவது என்று, சீக்காளி நான் கசப்பு மருந்தைக் கூட ஒழுங்காகக் குடிக்கிறேன்.

இதற்குள் உன் கடிதம். "சீக்கிரம் வாரேனுங்க மாமா, உங்க கதையில வர்ற தம்பியாட்டம்" என்று ஒரே வரி. அந்தத் தம்பி கப்பலில் வந்து, போத்தனூரில் இறங்கி, குடைக்குள் மறைத்த கத்தியால் அண்ணனைக் கொன்றவனைக் குத்துகிறான். கத்தியைக் குடைக்குள் வைத்தவனே நான்தான், எனக்குத் தெரியாதா? உள்ளதைச் சொல்கிறேன்: உன் வரியைப் படித்ததும் முதலில் இனித்தது. பிறகுதான் விபரீதம் உறைத்து, இதை எழுத உட்கார்ந்தேன்.

நீ குத்தினால், கதை கெடுத்த அப்பாவியை இன்னொரு கதைப் பைத்தியம் கொன்றுபோட்டது என்று ஊர் அவனுக்காக அழும். அவன் கழுத்துக்கு வரவேண்டிய கயிறு உன் கழுத்துக்கு வரும். ராசாத்தாளுக்குப் பிறந்த வீடே இல்லாமல் போகும். கதை படித்து ஒருவனும் கத்தி எடுப்பதில்லை என்று சத்தியம் செய்யப் போகிறவனைப் பொய்யன் ஆக்கிப்போடாதே, கண்ணு.

புத்தகமாக வரும்போது இருக்கட்டும் என்று அந்த அத்தியாயத்தைத் திருத்திவிட்டேன். தம்பி கோர்ட்டில் முன்வரிசையில் உட்கார்ந்து தீர்ப்புக் கேட்கிறான். வாசகர்கள் திட்டுவார்கள், திட்டட்டும்.

போத்தனூர் ஸ்டேஷனில் நானே நிற்பேன். நீ குடையில்லாமல் இறங்கு. மழை பிடித்தால் இரண்டு பேரும் நனைந்தே வீட்டுக்குப் போவோம். தலை துவட்ட உன் அக்காள் துண்டு வைத்திருப்பாள்.

நீடூழி வாழவேண்டும் என்று,
நஞ்சுண்டன்