ஃபைனான்ஸ்காரர் வந்தால்

வினிதா அப்பாவுக்கு,

அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி மூடி வைத்திருக்கிறேன். என் மேல் உள்ள கோபத்தில் பட்டினி கிடக்காதீர்கள்.

காலையில் ஃபைனான்ஸ்காரர் வருவார். கடன் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். மகளை நர்சிங் சேர்க்கத்தான் பணம் என்றாலும், நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் வட்டிக்கு நம் வெள்ளாமைக் காட்டை அடமானம் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். அவரிடம் வாங்கிய கடனால்தான் உங்கள் அண்ணன் ஊரை விட்டே போனார்.

இன்று நான் பனியன் கம்பெனிக்கு லீவு. மகளிர் குழுவோடு பேங்குக்குப் போகிறேன். அங்கே ஒரு ரூபாய் வட்டிதான். "பொம்பளைங்க கூட்டத்துல போயி கையேந்துனா எம்மானம் போயிரும்" என்று நேற்றுக் கத்தினீர்கள். நான் கையேந்தவில்லை. செக்கிங் வேலை செய்த கூலியில் வாரம் தவறாமல் குழுவில் சேமிப்பு கட்டியிருக்கிறேன். எனக்கு யார் ஜாமீன் நிற்பார்கள் என்று தலைவி மருதாளக்காவிடம் கேட்டேன். "நீ கட்டாட்டி நாங்க அத்தன பேரும் கட்டறோம், வா கண்ணு" என்றார். உங்கள் ஃபைனான்ஸ்காரர் அப்படி ஒரு வார்த்தை சொல்வாரா?

அவர் முகத்துக்கு நேரே மறுக்கக் கூச்சமாக இருந்தால், வீட்டைப் பூட்டிவிட்டுக் காட்டுக்குப் போய்விடுங்கள். சாவியைப் பக்கத்து வீட்டு முத்தாயியிடம் கொடுங்கள்.

விஜயகுமாரி

நெய் சின்னத் தூக்குவாளியில் இருக்கிறது. நிறையவே ஊற்றிக்கொள்ளுங்கள்.

வினிதாவிடம் பேங்க் விஷயத்தை இன்னும் சொல்லவில்லை. பணம் வந்ததும் நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள்.

காட்டுப் பத்திரத்தைப் பீரோவில் தேட வேண்டாம். என் பையில் எடுத்துப் போகிறேன். பேங்கில் அதைக் கேட்கவில்லை. நீங்கள் ஃபைனான்ஸ்காரரிடம் கொடுத்துவிடக் கூடாது என்றுதான்.