பூஜையில் வைத்த புத்தகத்தை எடுத்துவிட்டோம், அண்ணி

சண்டை போட ஆளில்லாமல் என்னைத் தனியாக விட்டுப்போன என் அருமை அண்ணிக்கு,

முதலில் சந்தோஷமான சேதி. நம் புத்தகத்துக்குப் பரிசு கிடைத்துவிட்டது. எழுத்துக் கூட்டித் தானாக வாசிக்கத் தொடங்கும் குழந்தைகளுக்கான சிறந்த நூல் என்று பட்டயத்தில் போட்டிருக்கிறார்கள். உங்கள் வரிகளுக்கும் என் படங்களுக்கும் சேர்த்துத்தான் பரிசு. மேடையில் பேசியவர்கள் என்னவோ உங்கள் வரிகளைப் பற்றியே பேசினார்கள், எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. உங்களுக்குப் பதிலாக அண்ணன் சென்னைக்கு வந்து வாங்கிக்கொண்டார். பொன்னாடை போர்த்தியதும் மனுஷன் அழுதுவிட்டார். நானும் மூக்கைச் சிந்திக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

பரிசு நம் வீட்டுக்குள் வந்த பிறகு நடந்ததை உங்களிடம் சொல்லாமல் எனக்கு மனசு ஆறாது. அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பரிசு வாங்கிய குழந்தைப் புத்தகங்களை நீங்கள் வாங்கிக் குவித்த காலம் ஞாபகம் இருக்கிறதா? அட்டையில் தங்க முத்திரை இருந்தால் போதும், விலையைப் பார்க்க மாட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் பாயை விரித்து, எல்லாவற்றையும் பரப்பி, நம் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் இருக்கும் பிள்ளைகளைக் கூப்பிட்டு விடுவீர்கள். ஒன்றாம் வகுப்பு டீச்சர்தானே, வீட்டிலும் பாடம் எடுக்கப் போகிறீர்கள் என்று நினைத்தேன். ஒரு வார்த்தை படிக்கச் சொல்லவில்லை. ஓரமாக உட்கார்ந்து கீரை ஆய்ந்தபடி, யார் எதை எடுக்கிறார்கள், எந்தப் பக்கத்தில் மூடி வைக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"இதப் பாரு சுதா. எல்லாப் புள்ளையும் இந்தப் பக்கம் வந்ததும் நின்னுக்கினு முழிக்குது. வரி நீளம். இந்தப் புத்தகத்துல பாரு, பக்கத்துக்கு ரெண்டு வரிதான். அடுத்து என்னான்னு அதுங்களே தள்ளிக்கினு போவுது."

அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் நீங்கள் நம் புத்தகத்தை எழுதினீர்கள். மண்ணுக்கு அடியில் என்ன? மணல். மணலுக்கு அடியில் என்ன? களிமண். அப்பா ஓட்டும் மெஷினின் பெரிய சக்கரம் சுரங்கத்தில் தோண்டத் தோண்ட, ஒரு சின்னப் பெண் கேட்டுக்கொண்டே போகிறாள். நிலக்கரி வருகிறது, அதற்கும் கீழே தண்ணீர் வருகிறது. இவ்வளவுதான் கதை. இதற்கு நாம் போட்ட சண்டை கொஞ்சமா? 'மாபெரும் இயந்திரம்' என்று போட்டால் கம்பீரமாக இருக்கும் என்று நான் சொன்னேன். "கம்பீரமா இருக்கும், புள்ள அங்கயே உக்காந்துக்கும்" என்று சொல்லி அந்த வார்த்தையை அடித்துவிட்டீர்கள். அன்று நான் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனேன். நீங்கள் சாப்பாட்டை டிபன் கேரியரில் போட்டு என் குவார்ட்டர்சுக்கே அனுப்பினீர்கள்.

யாருக்காக அத்தனை வரியை வெட்டினீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் மகள் இனியாவுக்காக. கடைப் பலகையையும் பஸ் போர்டையும் பார்த்து அவள் இரண்டெழுத்து, மூன்றெழுத்தாகக் கூட்டத் தொடங்கியிருந்தாள். புத்தகம் அச்சாகி வரும்போது அவளே முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டீர்கள். புத்தகம் வருவதற்குள் அந்தப் பாழாய்ப்போன காய்ச்சல் வந்து உங்களைக் கொண்டுபோய்விட்டது. அதோடு இனியா தானாக எழுத்துக் கூட்டுவதையே நிறுத்திவிட்டாள்.

அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? பரிசு முத்திரை ஒட்டிய பிரதியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சாமி அலமாரியில் உங்கள் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். அட்டைக்குக் குங்குமம் வேறு. தினமும் ஷிப்டுக்குப் போகும் முன் உங்களுக்குக் காட்டுகிற கற்பூரத்தை அதற்கும் காட்டினார். எனக்கு முதலில் நெகிழ்ச்சியாகத்தான் இருந்தது. அப்புறம்தான் விபரீதம் புரிந்தது. அதே புத்தகத்தின் வேறொரு பிரதியை இனியாவிடம் நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அது சாமிகிட்ட வெச்ச புக்கு அத்தை. தொடக்கூடாதுன்னு அப்பா சொன்னாரு."

"இது வேறடா கண்ணு. புதுசு."

"அதேதான். அம்மா பேரு போட்டிருக்குல்ல."

அப்புறம்தான் கவனித்தேன். மற்றப் புத்தகங்களையும் அவள் அதே பயத்தோடுதான் தள்ளி வைத்திருக்கிறாள். பள்ளியில் டீச்சர் சொன்னால் வாசிப்பாள், சொல்லாவிட்டால் திறக்க மாட்டாளாம். ஊரெல்லாம் பிள்ளைகள் வாசிக்கட்டும் என்று நீங்கள் எழுதினீர்கள், சொந்தப் பிள்ளைக்கு அது தொடக்கூடாத சாமான் ஆகிவிட்டதே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அண்ணனிடம் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். "அது இருக்கற இடத்துல இருக்கட்டும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். உங்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே அவர் எழுந்து வெளியே போய்விடுகிறார், நான் எப்படி அடம்பிடிக்க முடியும்?

இந்த வருஷம் சரஸ்வதி பூஜைக்கு இனியாவின் பள்ளிப் புத்தகங்களையும் அதே அலமாரியில் அடுக்கினோம். அண்ணன் காலையிலேயே மைன்ஸுக்குப் போய், தான் ஓட்டும் மெஷினுக்கு மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, பொரிகடலையோடு வந்தார். மறுநாள் விஜயதசமி. காலையில் மறுபூஜை முடிந்ததும் இனியா அவளுடைய புத்தகங்களை எடுத்துக்கொண்டாள். நான் உங்கள் புத்தகத்தின் மேல் கையை வைத்தேன்.

"அத விடு சுதா" என்றார் அண்ணன்.

"ஏண்ணே? பூஜைக்கு வெச்ச புத்தகத்த மறுநாள் எடுத்துப் படிக்கணும். நம்ம வீட்டு வழக்கம்தானே?"

"அது அவ ஞாபகமா இருக்கறது."

"நேத்து உன் மெஷினுக்கும்தான் சந்தனம் தடவி மாலை போட்ட. இன்னைக்கு செகண்ட் ஷிப்டுல அத ஓட்டுவியா, இல்ல மாலையோட நிறுத்தி வெச்சிட்டுக் கும்பிட்டுக்கிட்டே இருப்பியா?"

அவர் திரும்பி உங்கள் படத்தைப் பார்த்தார். நான் அதிகம் பேசிவிட்டேனோ என்று பயந்துவிட்டேன். பிறகு அவரே புத்தகத்தை எடுத்து, பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, அட்டையில் இருந்த குங்குமத்தைத் தோள் துண்டால் துடைத்தார்.

"இந்தா பாப்பா."

"கை கழுவிட்டு வரவாப்பா?"

"வேணாம்டா. அப்படியே வாங்கிக்க."

இனியா தரையில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, பழக்க தோஷத்தில், "மண்ணுக்கு அடியில்..." என்று ஆரம்பித்தேன். சட்டென்று என் வாயைப் பொத்தினாள்.

"அத்தை, நீங்க படிக்காதீங்க. நானே படிக்கிறேன்."

விரலை ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே வைத்து வாசித்தாள் அண்ணி. மணலைத் தாண்டினாள். களிமண்ணில் மாட்டிக்கொண்டாள். அண்ணன் சொல்லிக்கொடுக்க வாயெடுத்தார், நான் அவர் கையைப் பிடித்து அழுத்தினேன். 'க... ளி... ம... ண்' என்று மெதுவாகச் சேர்த்து, தானே கண்டுபிடித்துவிட்டுச் சிரித்தாள். அதற்கப்புறம் எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடியில் என்ன, அடியில் என்ன என்று பக்கத்தைத் தள்ளிக்கொண்டே போனாள். நீங்கள் பாயில் உட்கார்ந்து பார்த்துக் கற்றது எவ்வளவு சரி! அண்ணன் சுவரோரம் சாய்ந்து, துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

முடித்ததும் புத்தகத்தை மூடி அட்டையைப் பார்த்தாள். அங்கேயும் விரலை வைத்தாள். 'அ... ஞ்... ச... லை.' நம் வீட்டில் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது யார்? அண்ணனுக்கு நீங்கள் 'இந்தா', எனக்கு அண்ணி, அவளுக்கு அம்மா. உங்கள் பெயரை அவள் வாயால் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"அம்மா வேற என்ன எழுதியிருக்காங்க அத்தை?"

"இது ஒண்ணுதான்டா கண்ணு."

"ஒண்ணுதானா? அப்போ நாளைக்கு நான் என்ன படிக்கிறது?"

அழுதுகொண்டிருந்த அண்ணன் சிரித்துவிட்டார். நீங்கள் போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

இப்போதைக்கு நீங்கள் சேர்த்து வைத்த புத்தகங்களைப் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்திருக்கிறேன். அவற்றை முடித்துவிட்டு மறுபடியும் என்னிடம்தான் வந்து நிற்பாள். அதனால் ஒரு வாக்குத் தருகிறேன் அண்ணி. அடுத்த புத்தகத்துக்குப் படத்தோடு வரியும் நானே எழுதுகிறேன். எழுதி அவளிடம் கொடுப்பேன். எந்த வரியில் அவள் தயங்கி நிற்கிறாளோ அந்த வரி எனக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும் அடித்துவிடுவேன். அவள் வாசித்து முடிக்கும்வரை வாயைத் திறக்க மாட்டேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்?

என்றும் உங்கள் வாயாடி நாத்தனார்,
சுதா