நாற்றங்காலும் மீன்தொட்டியும்

என்னங்க,

நான்தான், லூர்து. கல்லறைத் திருநாளுக்கு உங்கள் தலைமாட்டில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்து எழுதுகிறேன். பாபநாசத்தில் மழை விட்டபாடில்லை. அந்த மெழுகுவத்தி எவ்வளவு நேரம் எரிந்திருக்கும்?

பின்பக்க மேடையில் புது ட்ரம் வைத்துவிட்டேன். மொட்டைமாடி மழைத்தண்ணீர் அதில் விழுகிறது. நீங்கள் செய்தது போலவே சுவர் வழியாக ஒல்லிக் குழாய், கூடத்தில் புது மீன்தொட்டி, அதன் விளிம்பில் மிதவை. தண்ணீர் ஒரு விரல் குறைந்தால் மிதவை இறங்கி வழி திறக்கிறது. நிரம்பியதும் தானாக மூடிக்கொள்கிறது. எதற்கு இதெல்லாம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

நம் போர்க் கிணற்றுத் தண்ணீர் உப்பு. தொட்டியில் ஆவியாகிக் குறைவதற்கு ஈடாக அதையே ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும், மீன் தாங்காது என்பீர்கள். அதனால்தான் ஐப்பசி மழையைப் பிடித்து, மூடி போட்டு, கோடை வரைக்கும் வைத்திருந்தீர்கள். இதை உங்கள் அண்ணனிடம் எத்தனை தடவை சொன்னீர்கள்?

பாகம் பிரித்தபோது போர் மட்டும் பொதுவில் நின்றது. இந்தக் கோடையில் ஆற்றில் தண்ணீர் வரவில்லை, போரும் இறங்கிவிட்டது. வீட்டுக்குப் பின்னால் அவருடைய குறுவை நாற்றங்கால் காய்ந்து வெடித்துக் கிடந்தது. ஆனால் அவர் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் நம் தொட்டி தளும்பியது. தொட்டியில் காற்று விடுகிற மோட்டாரின் உறுமலைப் போர் மோட்டார் என்றே நம்பினார். நாம் திருட்டுத்தனமாகத் தண்ணீர் எடுக்கிறோம் என்று தெருவெல்லாம் சொன்னார்.

அன்று மத்தியானம் நீங்கள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தீர்கள். கடப்பாரையோடு வந்தவர் முதலில் ட்ரம்மைக் குத்திக் கிழித்தார். பிறகு கூடத்துக்குள் வந்தார். நீங்கள் ஓடிப்போய்த் தொட்டிக்கு முன்னால் நின்றீர்கள்.

"அது மழைத் தண்ணிண்ணே. நம்பலன்னா நாக்குல வச்சுப் பாரு, உப்புக் கரிக்குதான்னு."

கடப்பாரை உங்கள் தோளைத் தாண்டிக் கண்ணாடியில் இறங்கியது. தொட்டி மொத்தமும் வெடித்து உங்கள் மேல் சரிந்தது. தண்ணீர் வாசல் வரைக்கும் பாய்ந்தது, பின்னாலேயே உங்கள் ரத்தமும் பாய்ந்தது. பின்தொடையில் ஒரு கண்ணாடித் துண்டு கத்தி மாதிரி நின்றது. புடவைத் தலைப்பைச் சுருட்டி அழுத்தினேன். என் விரல்களுக்கு நடுவே ரத்தம் பீறிட்டது. மீன்கள் அதில் துள்ளிக்கொண்டிருந்தன.

கடப்பாரையை வீசிவிட்டு உங்களைத் தூக்கியது அவர்தான். தெருக்காரர் ஒருவர் ஓட்டிய காரில், பின் சீட்டில் உங்களை மடியில் கிடத்தி, காயத்தை அழுத்திப் பிடித்தபடியே வந்தார். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன், அய்யம்பேட்டை தாண்டும்போதே உங்கள் மூச்சு நின்றுவிட்டது. அப்போது உங்கள் கை அவர் கையைப் பிடித்திருந்தது. நான் முன் சீட்டில்தானே இருந்தேன். என் பக்கம் ஏன் கையை நீட்டவில்லை?

ஜாமீனில் வந்த அன்று அவர் நம் வாசலில் வந்து நின்றார். பழைய தொட்டி ஸ்டாண்டின் இரும்புக் கால் ஒன்று கழன்று மூலையில் கிடந்தது. அதை எடுத்து அடித்தேன். முழங்கையில் எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. மறுபடியும் அடித்தேன். அவர் தடுக்கவே இல்லை. அவர் மனைவி, என் ஓரகத்தி, ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டு கதறினாள். அவள் வராவிட்டால் கொன்றே போட்டிருப்பேன். அந்த எலும்பு முறிந்த சத்தம் இன்றைக்கும் எனக்கு இனிக்கிறது. சாமியாரிடம் செய்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் கோர்ட்டில் என் சாட்சி. நேற்று ஓரகத்தி வந்தாள். "தொட்டி தானா வெடிச்சுதுன்னு ஒரு வார்த்தை சொல்லு லூர்து. அவங்க உன்னைக் காட்டிக் கொடுக்கல. கீழ விழுந்து கை முறிஞ்சுதுன்னுதான் டாக்டர்கிட்ட சொன்னாங்க."

நான் கதவைச் சாத்திவிட்டேன்.

கூண்டில் ஏறி, ஓங்கியது யார் என்று சொல்வேன். உங்களைத் தூக்கியது யார், கடைசிவரை காயத்திலிருந்து கையை எடுக்காதது யார் என்றும் சொல்வேன். அவர் கையை முறித்தது நான்தான் என்பதையும் சொல்வேன். எதையும் விழுங்க மாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு. அதற்குப் பிறகு அவரை உள்ளே வைத்தாலும் சரி, என்னை வைத்தாலும் சரி.

உங்கள் வீட்டுக்காரி,
லூர்து