இரவல் வீட்டு விருந்து

தேக்கா, சிங்கப்பூர்
17-8-1958, ஞாயிறு

என் அன்பு மகள் மங்களத்துக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், உடம்பைப் பற்றி மட்டும்தான் அப்படி எழுத முடியும். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அங்கே சுகமாயிருக்க வீரமாகாளியம்மன் துணையிருக்கட்டும். பையனுக்குச் சளி விட்டதா? தைப்பிங்கில் சாயங்காலமானால் மழைதானே, நனைந்த தரையில் அவனைத் தவழ விடாதே, நெஞ்சில் தைலம் தடவினால் துணியால் மூடிவிடு.

உன் மாமனாரும் மாமியாரும் நேற்று ராத்திரி ரயிலேறிவிட்டார்கள். இந்தக் கடிதம் வருவதற்குள் அவர்கள் வீடு வந்து சேர்ந்திருப்பார்கள். நடந்ததை உன்னிடம் சொல்வார்களோ மாட்டார்களோ தெரியாது, சொல்லாமல் இருக்கத்தான் பார்ப்பார்கள், அவர்கள் குணம் அப்படி. அதனால் நானே எழுதிவிடுகிறேன். உன் அப்பன் செய்த காரியத்தை வேறொருவர் வாயால் நீ கேட்க வேண்டாம்.

பேரின்பநாயகம் சாரை உனக்கு நினைவிருக்கும், யாழ்ப்பாணத்துக்காரர், கவர்மெண்ட் கிளார்க், மாதாமாதம் நம் கடைக்கு வந்து சாமான் வாங்கிப்போவார், உனக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பென்சில் எல்லாம் கொடுத்திருக்கிறார். அவருடைய அப்பா ஊரில் படுத்த படுக்கையாக இருக்கிறார் என்று தந்தி வந்து, குடும்பத்தோடு கப்பலேறிப் போய்விட்டார். போகும்போது கம்போங் ஜாவா ரோட்டில் கவர்மெண்ட் கொடுத்த குவார்ட்டர்ஸ் வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்து, செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கோ, வெள்ளிக்கிழமையில ஒரு விளக்கு ஏற்றுங்கோ, உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறன் என்றார். அந்த வாரமே உன் மாமனார் கடிதம், நாலு நாள் சிங்கப்பூர் சுற்றிப்பார்க்க வருகிறோம், உங்கள் வீட்டில்தான் தங்குவோம் என்று. எனக்குக் கை கால் ஓடவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் உன் கல்யாணத்தின்போது, வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள் என்று புளுகி அவர்களைக் கோயில் மண்டபத்திலேயே தங்க வைத்தேனே, அப்போது நீ என் சட்டையைப் பிடித்து இழுத்து, உண்மையைச் சொல்லிடுங்கப்பா என்றாய். சும்மா இரு என்று அதட்டினேன். தேக்காவில் பலகை தடுத்த ஒரு ரூம், மாடி முழுக்க எட்டுக் குடும்பத்துக்கு ஒரே குழாய், இதைப் பார்த்தால் உன்னை எப்படி மதிப்பார்கள் என்று எனக்குப் பயம். உனக்காகத்தான் செய்தேன் என்று இத்தனை நாளும் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். உன் அம்மா இந்தத் தடவையும் கெஞ்சினாள், வேணாங்க, அடுத்தவங்க வீடுங்க, கேக்காம செய்யக்கூடாதுங்க என்று. நான் கத்தினேன். செவ்வாய்க்கிழமை ஸ்டேஷனிலிருந்து டாக்சி வைத்து அவர்களை நேரே பேரின்பநாயகம் சார் வீட்டுக்குக் கூட்டிப்போய், வாங்க வாங்க, நம்ம வீடுதான், கூச்சப்படாதீங்க என்றேன். எழுதும்போதே கை கூசுகிறது.

ஊர் காட்டியதில் ஒரு குறையும் வைக்கவில்லை. பொட்டானிக் கார்டனில் ஒரு குரங்கு உன் மாமியார் கையிலிருந்த கடலைப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது, அவர் பயப்படாமல், எங்க வீட்டுப் பயலும் இப்படித்தான் பிடுங்குவான் என்று பேரனைச் சொல்லிச் சிரித்தார். புது மீன்காட்சி சாலை, மெர்டேக்கா பாலம், டைகர் பாம் தோட்டத்துப் பொம்மைகள், எஸ்பிளனேடில் கடல்காற்று எல்லாம் ஆயிற்று. உன் மாமனார் மட்டும் தினமும் காலையில், சம்பந்தி, தேக்கா மார்க்கெட் பாக்கலாமா, மருமக அங்கதான் வளந்தேன்னு சொல்லும் என்பார். அங்கே ஒரே கூட்டம், சேறு, அப்புறம் பாக்கலாம்லா என்று தட்டிக் கழித்தேன். பஸ்ஸில் போனால் தெரிந்தவர்கள் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள் என்று டாக்சியிலேயே சுற்றுவழியாகக் கொண்டுபோனேன். உன் அம்மாவோ அந்த அடுப்படியில் உப்பு எங்கே இருக்கிறதென்று தெரியாமல் ஆறு டின்னைத் திறந்து பார்த்தாள். உன் மாமியார் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாராம், ஒன்றும் கேட்கவில்லையாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு நான் கூடத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் கூடத்தில் ஒரு பெரிய படம், தலைப்பாகையும் கோட்டுமாக ஒரு பெரியவர். வந்த அன்றே உன் மாமனார், இது யாரு சம்பந்தி என்றார். வேறென்ன சொல்வேன், எங்க அப்பா என்றேன். இருக்காங்களா என்றார். போயிட்டாங்க என்றேன். உடனே உன் மாமியார், ஐயோ, ஒரு பொட்டுக்கூட வைக்காம விட்டிருக்கீங்களே என்று சந்தனம் குழைத்துப் படத்தில் வைத்தார். மறுநாளிலிருந்து தினம் காலையில் அந்த வீட்டுச் செடியிலேயே மல்லிகை பறித்து, சரம் கட்டி, படத்துக்குப் போட்டார். அந்த மனிதர் பேரின்பநாயகம் சாருடைய அப்பா, யாழ்ப்பாணத்தில் உயிரோடு இழுத்துக்கொண்டு கிடக்கிறார் மங்களம். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெள்ளிக்கிழமை அமாவாசை. அப்பாவுக்குப் படைக்கணுமே என்று உன் மாமியார் விடிவதற்குள் குளித்து, உன் அம்மாவோடு சேர்ந்து சமைத்தார். எத்தனை சாக்கு சொன்னாலும் விடவில்லை, ஊர் சுத்த வந்த எடத்துல பெரியவங்கள மறக்கலாமா என்றார். படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டு, வாழைக்காய், பூசணிக்காய், வடை, பாயசம் எல்லாம் வைத்து, என் கையில் தண்ணீர்ச் செம்பைக் கொடுத்தார்கள். இலையைச் சுற்றித் தண்ணீர் விடப் போனேன். கை நிற்கவில்லை, உன்னிடம் மறைக்கமாட்டேன், நான் விட்டிருப்பேன். உன் அம்மாதான் ஓடிவந்து செம்பைப் பிடுங்கினாள். உசிரோட இருக்கிற மனுசனுக்குப் படைக்காதீங்க, பாவம் சும்மா விடாதுங்க என்று கத்திக்கொண்டே மாலையை எடுத்து எறிந்துவிட்டு, உன் மாமியார் காலடியில் உட்கார்ந்து அழுதாள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள், நான் கெட்டிக்காரன்கூட இல்லை, என்னுடையது நாலாம் நாளே கிழிந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். வீடு, சாவி, கல்யாணத்தில் சொன்ன சுண்ணாம்புக் கதை, எல்லாம்.

உன் மாமனார் கீழே கிடந்த மாலையை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார், வீடு உங்களுது இல்லைன்னு எங்களுக்குத் தெரியும் சம்பந்தி, உங்க மக கல்யாணமாகி வந்த முதல் வாரமே அவ மாமியார்கிட்ட தேக்கா ரூமு, சுண்ணாம்புக் கதை எல்லாத்தையும் சொல்லிருச்சு, எங்கப்பா கூச்சப்படுவாரு, உங்களுக்குத் தெரியும்னு காட்டிக்காதீங்கன்னு கேட்டுக்கிச்சு, அதனாலதான் நாங்க வாய தொறக்கல, தேக்காவுக்குக் கூட்டிட்டுப் போனா நீங்களே சொல்லிடுவீங்கன்னு பாத்தோம் என்றார். வீட்ட இரவல் வாங்கினாலும் அப்பா படத்த மட்டும் சொந்தமா கொண்டாந்து மாட்டியிருக்காரேன்னு இவகிட்ட பெருமையாச் சொன்னேன், அதுவும் இல்லையா சம்பந்தி என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் வருத்தப்பட்டுக் கேட்டார்.

அன்று மத்தியானமே மூட்டையைக் கட்டி நம் ரூமுக்கு வந்துவிட்டார்கள். உன் மாமியார் குழாயடியில் வரிசையில் நின்று வாளியைப் பிடித்துவிட்டார், பக்கத்து ரூம் ஒலி முகம்மது பாய் வீட்டார் நாற்காலி கொடுத்தும் உன் மாமனார் பாயில்தான் உட்கார்ந்தார். உங்க அப்பா படம் எங்கே என்று கேட்டார். படம் இல்லைங்க, துறைமுகத்துல மூட்டை தூக்கினவரு, யாரும் எடுக்கல என்றேன். பேரென்ன என்றார். மருதப்பன் என்றேன். அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொல்லி எத்தனை வருஷம் ஆகிறது! அன்றைக்கு அந்த ரூமில், வெறும் சுவருக்கு முன்னால் இலை போட்டு, அவர் பெயரைச் சொல்லித் தண்ணீர் விட்டேன். மறுநாள் தேக்கா முழுக்க நடந்து காட்டினேன், நீ படித்த பள்ளிக்கூடம், நீ பூ வாங்கும் கடை, எல்லாம் பார்த்துவிட்டுத்தான் ரயிலேறினார்கள்.

உன் அம்மா இன்று காலை கோயிலில் அந்தப் பெரியவரின் ஆயுசுக்காக அர்ச்சனை செய்யப் போனாள். குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்டிருக்கிறார். நான் அப்பா என்று சொன்ன மனிதரின் பெயர் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. சுவாமி பெயருக்கே செய்யச் சொல்லிவிட்டு வந்தாள், வந்ததிலிருந்து என்னோடு பேசவில்லை. சார் வீட்டைக் கழுவி, படத்துக் கண்ணாடியைத் துடைத்து, டின்களை இருந்த இடத்தில் வைத்துவிட்டோம். சார் வந்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் அவர் நம்பிக் கொடுத்த சாவி என் சட்டைப்பையில் கிடக்கிறது. அவரிடம் சொல்லாமல் இருக்க முடியாது.

நீ கூச்சப்படவே இல்லை மங்களம். கூச்சப்பட்டது நான். நீ பிறந்து வளர்ந்த வீட்டை உன் பெயரைச் சொல்லியே மறைத்தேன், நீ அதையும் தெரிந்துகொண்டு எனக்கு மானம் காத்திருக்கிறாய். அப்பாவை மன்னித்துவிடு என்று எழுதத் தகுதியில்லை, ஆனாலும் எழுதுகிறேன். மாமனார் மாமியார் சொல் தட்டாதே, அப்படிப்பட்டவர்கள் கிடைப்பது அரிது. மாப்பிள்ளைக்கு என் அன்பு. பேரனுக்கு முத்தம். நீ தீர்க்காயுசாக, மஞ்சள் குங்குமத்தோடு நிறைந்திரு.

ஒன்று மறக்காமல் செய். பேரின்பநாயகம் சாருக்கு யாழ்ப்பாணத்துக்கு எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்துவிட்டேன், முதல் வரியே வரவில்லை. பதினெட்டு வயதில், புது வீட்டில், புது மாமியாரிடம் நீ உண்மையைச் சொன்னாயே, என்ன சொல்லி ஆரம்பித்தாய்? அதை அப்படியே எழுதி அனுப்பு. அதைப் பார்த்து நானும் எழுதிவிடுகிறேன்.

இப்படிக்கு
உன் அப்பா
மருதப்பன் தங்கராஜு