அப்பாவின் முப்பத்தொரு எண்கள்

அன்பு மகளே,

நானும் தம்பியும் இங்கே நலம், கப்பலில் அப்பாவும் நலம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். தம்பிக்கு நேற்று தையல் பிரித்தாயிற்று, சிரித்தால் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறான். நீ போனில் கேட்டபோது குடல்வால் ஆபரேஷன், நல்லபடியாக முடிந்தது என்று இரண்டே வார்த்தையில் சொல்லிவிட்டேன். முழுவதும் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் அழுதுவிடுவேன் என்று பயம். எழுதும்போது அந்தத் தொல்லை இல்லை, அழுதாலும் உனக்குக் கேட்காது.

ஞாயிற்றுக்கிழமை காலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன், இன்றே அறுக்க வேண்டும் என்றார்கள். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா வந்து, "இதுக்கு முன்னாடி இவனுக்கு மயக்க மருந்து குடுத்திருக்காங்களா?" என்று கேட்டார். நான்கு வயதில் கை உடைந்தபோது கொடுத்தார்கள், நான் அப்போது தேர்வு எழுத வெளியூர் போயிருந்தேன், திரும்பி வந்ததும் அப்பா, "ஏதோ ஒரு மருந்து சேரல, இப்ப சரியாயிடுச்சு, விடு" என்றார், நானும் விட்டுவிட்டேன் என்று சொன்னேன். அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. "வாயுவா, ஊசியா? எது சேரலைன்னு தெரிஞ்சா மத்ததை வெச்சு தைரியமா செய்வேன். தெரியாம எதையும் குடுக்க எனக்குக் கை வராது. அஞ்சு மணி வரைக்கும் பொறுப்போம்மா, அதுக்கு மேல அவன் குடல் பொறுக்காது" என்றார். மணி ஒன்றரை. அந்தப் பழைய ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் இப்போது சோபா விற்கிறார்கள், யாரைப் போய்க் கேட்பது.

தம்பிக்குக் கை உடைந்த அன்றைக்கு நீ அப்பாவோடு இருந்தாய் என்பதால் முதலில் உன்னைத்தான் கூப்பிட்டேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண்குரல் பொறுமையாகச் சொன்னது. நீ வேறு போன் கம்பெனிக்கு மாறிப் புது சிம் வாங்கியதும், பரீட்சை முடிந்து சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்ததும் மறுநாள் நீ பேசியபோதுதான் எனக்குத் தெரியும். திட்டுவதற்காக எழுதவில்லை. நானும் போன மாதம் கம்பெனி மாறினேன், ஆனால் பழைய எண்ணையே கேட்டு வைத்துக்கொண்டேன். ஒரு குறுஞ்செய்தி அனுப்பினேன், சில நாள் கழித்து ஒரு மத்தியானம் பழைய சிம் செத்தது, புதியதைப் போட்டதும் அதே எண் உயிரோடு வந்தது. ரசாயனம் படித்தவள்தான், இருந்தும் அது எப்படி என்று வெகுநேரம் அந்த நகத்தளவுச் சில்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவின் கப்பலில் எட்டு நாளாக இணையம் பழுது. கப்பல் கம்பெனி அலுவலகத்தில் எடுத்தவர், "மெயில் போட்டிருக்கோம் மேடம், நெட் வந்ததும் பார்ப்பாங்க" என்றார். எந்தத் துறைமுகம் என்று கேட்டால் திங்கட்கிழமை சொல்கிறாராம். அப்போதுதான் அந்த எண்கள் ஞாபகம் வந்தன. என் போனில் அப்பாக்கள் முப்பத்தொரு பேர் என்று என்னைக் கேலி செய்வாயே, அவைதான். இறங்கும் ஊரிலெல்லாம் அவர் புது சிம் வாங்குவார், அந்த ஊர்ப் பெயர்கள் என் வாயில் நிற்காது, அதனால் அன்றைக்கு அவர் என்ன சொன்னாரோ அதை வைத்தே பதிந்து வைத்தேன், அப்பா பனி, அப்பா நாய்க்குட்டி, அப்பா செருப்பு அறுந்தது என்று. தூக்கிப் போட்ட சிம்களின் எண்கள் என்று தெரியும். தெரிந்தும் வரிசையாக அழுத்தினேன், சும்மா உட்கார முடியவில்லை.

பாதிக்கு மேல் செத்த எண்கள்தான். ஆனால் மற்றவற்றில் ஆட்கள் இருந்தார்கள் கண்ணம்மா! அதை எப்படிச் சொல்வேன். ஒன்றில் ஒரு குழந்தை எடுத்துத் தன் மொழியில் ஏதோ கேட்டுவிட்டு நான் பேசப் பேசச் சிரித்தது. இன்னொன்றில் பின்னால் ரம்பம் அறுக்கும் சத்தம், அதை நிறுத்திவிட்டு ஒரு கிழவர், ராங் நம்பர் என்றார், பிறகு வைக்காமல், "ஏம்மா அழறே?" என்பதுபோல் ஏதோ கேட்டார். உன் அப்பா என்னோடு பேசிய எண்களில் இப்போது யார் யாரோ குடியிருந்தார்கள், ஒருவர்கூட என்மேல் எரிந்து விழவில்லை. தம்பி சக்கரக் கட்டிலில் முனகிக்கொண்டிருந்தான், நான் அந்தத் தாழ்வாரத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே பூமியைச் சுற்றிவிட்டேன்.

அப்பா பல்வலி என்று பதிந்திருந்த எண்ணில் ஒரு பெண் எடுத்தார். அவருடைய ஆங்கிலமும் என்னுடையதும் தட்டுத் தடுமாறித்தான் நடந்தன. துறைமுக வாசலிலிருந்து மாலுமிகளை ஊருக்குள் வேனில் கொண்டுபோய் விடுபவராம், கிளம்பும்போது அவர்கள் கொடுத்துவிட்டுப் போகும் சிம்களை ஒரு டப்பாவில் சேர்த்து அடுத்து வருகிறவர்களுக்குக் கொடுப்பாராம், இந்த எண்ணைத் தனக்கே வைத்துக்கொண்டாராம். கப்பலின் பெயரைச் சொன்னேன். அவர் அதை ஒருமுறை திருப்பிச் சொன்னார். பிறகு, "இன்னிக்கு விடியக்காலைல வந்தது, இன்னும் யாரையும் இறங்க விடல, ஆனா என்கிட்ட உள்ளே போற சீட்டு இருக்கு" என்றார். வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. என் பெயரைக்கூட அவர் கேட்கவில்லை.

மூன்று நாற்பதுக்கு அதே எண்ணிலிருந்து அப்பா பேசினார். எஞ்சின் அறையிலிருந்து அப்படியே ஓடிவந்திருக்கிறார், மூச்சு வாங்கியது. நான் கேட்டு முடிப்பதற்குள், "வாயு, வாயுதான், உடம்பு நெருப்பாக் கொதிச்சுப் போச்சு, பாதியிலேயே நிறுத்திட்டாங்க, இரு, அந்த டாக்டர் எழுதிக் குடுத்தது பர்சுலயே இருக்கு" என்றார். பதினோரு வருடமாக! பிளாஸ்டிக் உறை போட்டு எல்லாக் கடலிலும் கூடவே வைத்திருந்திருக்கிறார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "பரீட்சைக்குப் போனதாலதான்னு நீ உன்னையே திட்டிப்பியேன்னு பயந்தேன்" என்றார். அவரைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அந்த வேன்காரப் பெண் டாக்டர் சீட்டைப் படம் பிடித்து அனுப்பினார். டாக்டரம்மா அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "வாயு போட்டிருந்தா பையன் எனக்குக் கிடைச்சிருக்க மாட்டான்" என்று மட்டும் சொன்னார். முதுகில் ஊசி போட்டு, நாலரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள்.

இப்போது உனக்கான விஷயம். வாயு சேராத இந்தக் கோளாறு பரம்பரையாக வருவதாம், கூடப் பிறந்தவர்களுக்கும் இருக்கலாமாம். நீ இன்றுவரை மயக்க மருந்தே வாங்கியதில்லை என்று எண்ணி எண்ணிப் பார்த்துக்கொண்டேன். அங்கே பரிசோதனை செய்ய வழி உண்டு என்கிறார் டாக்டரம்மா, இந்த மாதத்துக்குள் செய்துகொள். அதுவரைக்கும் இதோடு வைத்திருக்கும் டாக்டர் சீட்டின் நகலை உன் பர்சில் வை. பின்புறம் என் எண்ணையும் அந்த வேன்காரப் பெண்ணின் எண்ணையும் எழுதியிருக்கிறேன். உன் புது எண்ணை எழுதக் கீழே இடம் விட்டிருக்கிறேன், இந்த ஒன்றையாவது மாற்றாமல் வைத்துக்கொள். நீண்ட ஆயுளோடு, நோய் நொடி இல்லாமல், நல்ல மனிதர்கள் நடுவில் நீ இருக்க வேண்டும்.

என்றும் உன்னையே நினைக்கும்
அம்மா